மூலைக்கு மூலை அளந்த டீச்சர்

அந்த விடைத்தாளை அவர் என் மேசைமேல் வைத்தார் என்று எழுதினால் பொய்யாகிவிடும், எறிந்தார்.

“படிச்சுப் பாருங்க சார்.”

“எனக்கும் வடிவியலுக்கும் ஆகாதே, டீச்சர்.”

“ஆகாதவங்களுக்கே விளங்கும். படிங்க.”

அவர் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துவந்த ஆசிரியை. நான் அதே பள்ளியில் வரலாறு கற்பித்தேன். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் இரண்டும் ஒட்டிக் கிடந்ததால், அவருடைய கோபங்களில் பெரும்பாலானவை என் மேசையைத் தாண்டித்தான் வெளியுலகுக்குச் செல்லும். நிரூபணத்தின் கடைசி வரியை எழுதும்போது ‘ஆகவே’ என்று குரலை உயர்த்திக் கரும்பலகையை ஒரு தட்டுத் தட்டுவார். மாணவர்கள் அவருக்கு ‘ஆகவே டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய பட்டங்களுள் அதுவே கௌரவமானது என்பது அவருடைய கருத்து.

விடைத்தாளைப் படித்தேன். இருசமபக்க முக்கோணம் ஒன்றை வரைந்து, அதற்கு பிக்யூஆர் என்று பெயரிட்டு, அடிக்கோணங்கள் சமம் என நிரூபிக்கச் சொல்லியிருந்தார். மாணவன் முத்து முத்தான கையெழுத்தில், ஒரு வரி பிசகாமல் நிரூபித்திருந்தான். ஆனால் அவன் நிரூபித்தது ஏபிசி என்னும் வேறொரு முக்கோணத்தை. பாடநூலில் இருப்பது அதுதான். கீழே அடிக்கோடிட்டு ஒரு குறிப்பும் சேர்த்திருந்தான்: ‘வினாத்தாளில் உள்ள படத்தில் எழுத்துகள் தவறாக அச்சாகியுள்ளன. ஆயினும் சரியான விடை தரப்பட்டுள்ளது.’

நான் சிரித்துவிட்டேன்.

“சிரிங்க சார், நல்லா சிரிங்க. ஒருத்தன் எழுதியிருந்தா நானும் சிரிப்பேன். முக்கால்வாசி வகுப்பு இப்படித்தான் எழுதியிருக்கு. இவன் ஒருத்தன்தான் என் தப்பைப் பெரிய மனசு பண்ணி மன்னிச்சிருக்கான்!”

மன்னித்தவன் வகுப்பில் முதல் மாணவன். எதைக் கேட்டாலும் “டியூஷன் சார் இப்படித்தான் குடுத்தார்” என்று பதில் சொல்வதால், அவனை எல்லோரும் ‘டியூஷன்’ என்றே அழைத்தார்கள்.

டீச்சரின் குணத்தைப் பற்றி இங்கே சற்றுச் சொல்லியாக வேண்டும். அவருக்குப் பொறுமை இல்லை என்று பலர் சொல்வார்கள். அது சரியான கணிப்பு அன்று. விளங்காதவனிடம் அவருக்கு மலையளவு பொறுமை உண்டு. ஒரே படத்தைப் பத்து முறை அழித்து வரைவார். விளங்காமலேயே விளங்கியதாகத் தலையாட்டுகிறவனைக் கண்டால்தான் அவருக்குத் தாங்காது. துரதிர்ஷ்டவசமாக, ஒரு பள்ளியில் இந்த இரண்டாவது வகையினரே மிகுதி. மாணவர்களை மட்டும் சொல்லவில்லை.

அதே வாரத்தில் தலைமையாசிரியர் அவரை அழைத்தார். தேர்வில் வடிவியல் வினாக்கள் ‘அல்லது’ போட்டு வருகின்றன. வேண்டாதவன் விட்டுவிட்டு இயற்கணிதத்தை எழுதலாம். ஆதலால் வடிவியலை ‘சாய்ஸில் விடுவது’ என்பது ஊரில் ஏறத்தாழ ஒரு சட்டமாகவே ஆகியிருந்தது. பெற்றோர்களும் அதையே விரும்பினார்கள். வடிவியல் பாடவேளைகளை இயற்கணிதப் பயிற்சிக்கு மாற்றிவிடலாம் என்று தலைமையாசிரியர் முடிவு செய்திருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். பிள்ளைங்களுக்கே வேண்டாம்ங்கிறதை நாம ஏன் கட்டிக்கிட்டு அழணும்?”

“அவங்களுக்கு இன்னும் அறிமுகமே ஆகல சார். வேண்டாம்னு எப்படித் தெரியும்?”

“சரி, இந்த வாரம் பாருங்க. வேணும்னு பிள்ளைங்களே காட்டட்டும், விட்டுடறேன். இல்லேன்னா திங்கக்கிழமை புது டைம் டேபிள்.”

திரும்பி வந்தவர், நாற்காலியில் அமரவில்லை, விழுந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க வரலாறுதானே? இந்த வடிவியலை யார் எதுக்கு ஆரம்பிச்சாங்க? முதல்லேருந்து சொல்லுங்க.”

சொன்னேன். எகிப்தில் ஆண்டுதோறும் நைல் நதி பெருகி வயல் எல்லைகளை அழித்துவிடும். நிலத்தை மறுபடி அளந்து பிரிக்க வேண்டிய தேவையிலிருந்தே வடிவியல் பிறந்தது என்று பண்டைய கிரேக்கர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கலைக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருளும் நில அளவை என்பதுதான். எகிப்தியர் கயிறு பிடித்து அளந்ததற்குச் சித்திரச் சான்று உண்டு. ஆனால் பன்னிரண்டு சம பங்கு வைத்த கயிற்றை மூன்று, நான்கு, ஐந்து என மடக்கிச் செங்கோணம் எடுத்தார்கள் என்று பலரும் சொல்வதற்கு, எனக்குத் தெரிந்தவரை நேரடிச் சான்று ஏதும் இல்லை.

“எடுத்திருக்கலாம், இல்லையா?”

“எடுத்திருக்கலாம் என்பது வேறு, எடுத்தார்கள் என்பது வேறு, டீச்சர்.”

“உங்க சான்றைக் கொஞ்சம் ஓரமா வைங்க. கயிறு வேலை செய்யுமா செய்யாதா?”

“செய்யும்.”

“அது போதும்.”

அப்போது ஜன்னலுக்கு வெளியே உடற்பயிற்சி ஆசிரியர் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பள்ளி முழுவதும் ‘மாஸ்டர்’ என்றே அழைத்தது. இரண்டு நாள் பெய்த மழையில் கைப்பந்து மைதானத்தின் கோடுகள் அடையாளமே இல்லாமல் கரைந்துபோயிருந்தன. வெள்ளிக்கிழமை அடுத்த பள்ளியோடு போட்டி. டீச்சர் ஜன்னலுக்கு ஓடினார்.

“மாஸ்டர்! தண்ணி வந்து கோட்டை அழிச்சிருச்சா?”

“அதைக் கேட்டு உங்களுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?”

“என் வகுப்பு போட்டுத் தரும். கயிறும் சுண்ணாம்புத் தூளும் போதும்.”

மாஸ்டர் ஒப்புக்கொண்டார். குனிந்து கோடு போட அவருடைய இடுப்பு இசையவில்லை என்பது ஒரு காரணம்.

கயிறு டீச்சரின் வீட்டுக் கொடிக்கயிறு. மருந்துக் கடை வைத்திருந்த அவருடைய கணவர் மறுநாள் காலையில் கேட்டாராம்: “ஈரத் துணியை எங்க போடறது? உன் தேற்றத்து மேலயா?” டீச்சர் அதை எங்களிடம் சொல்லி, “இந்த மனுஷனுக்கு ஒரு நாள் துணி காயலேன்னா உலகம் நின்னுடும்” என்று நொந்துகொண்டார். நான் கணவரின் கட்சி. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் வகுப்பு முழுவதும் மைதானத்தில் கூடியது. டீச்சர் நைல் நதியைச் சொன்னார், வயல்களைச் சொன்னார், கயிற்றைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து முடிச்சுப் போடச் சொன்னார். ஒரு மூலையில் மட்டும் செங்கோணம் எடுத்து, பதினெட்டு மீட்டர் நீளமும் ஒன்பது மீட்டர் அகலமும் அளந்து, எதிர்ப்பக்கங்களைச் சமமாகப் போட்டு முடிக்க வேண்டும் என்று விளக்கினார். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியரிடமிருந்து அழைப்பு வந்தது. ஏதோ வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்றாம். வேலை நடக்கும்போது அழைப்பதற்கென்றே சில அலுவலகங்கள் இருக்கின்றன.

அவர் திரும்பி வந்தபோது மைதானம் தயாராக இருந்தது. வெள்ளை வெளேரென்று, கோடுகள் நூல் பிடித்தாற்போல. ஆனால் மொத்த மைதானமும், காலால் மிதித்த தீப்பெட்டிபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

மாஸ்டர் இடுப்பில் கை வைத்து நின்றார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். நாளைக்கு ஆடத் தெரிஞ்சவனே வந்து சொல்லப் போறான், டீச்சர்.”

“யார்டா கோணம் எடுத்தது?”

டியூஷன் முன்வந்தான். “நான்தான் டீச்சர். கண்ணுக்குத்தான் கோணலாத் தெரியுது. கணக்குப்படி தொண்ணூறு டிகிரி.”

“கணக்குப்படியா?”

“மூணு, நாலு, அஞ்சு. ஃபார்முலா தப்பாகாது டீச்சர். தரைதான் சரியில்ல.”

முன்பு படத்தின்மேல் பழி, இப்போது பூமியின்மேல். டீச்சர் கயிற்றை வாங்கி விரல்விட்டு எண்ணினார். முடிச்சுகள் பன்னிரண்டு இருந்தன. தவறும் அங்கேதான் இருந்தது. இரு முனைகளிலும் முடிச்சு வைத்துப் பன்னிரண்டு போட்டால் நடுவில் இருப்பது பதினோரு பங்குதான். ஒரு புறம் மூன்று எண்ணி, மறுபுறம் நான்கு எண்ணி, மீதி தானாகவே ஐந்தாகத்தான் இருக்கும் என்று நம்பி இழுத்திருக்கிறார்கள். மீதி நான்குதான் இருந்தது.

“பங்கைச் சொன்னேன், முடிச்சை எண்ணியிருக்கீங்க! இத்தனை பேர் நிக்கிறீங்களே, மூணாவது பக்கத்தை ஒருத்தராவது எண்ணினீங்களா?”

“அது அஞ்சுதானே டீச்சர் வரணும்?” என்றான் டியூஷன்.

“வரணும்! வந்துச்சா?”

சுண்ணாம்பைத் துடைப்பத்தால் கலைத்து மறுபடி தொடங்கினார்கள். பதின்மூன்றாவது முடிச்சு விழுந்தது. இம்முறை டீச்சர் அங்கேயே நின்றார். தலைமையாசிரியரின் இரண்டாவது அழைப்புக்குப் போகவும் மறுத்துவிட்டார். மைதானம் இந்தத் தடவை பார்வைக்கு ஒழுங்காக அமைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் மாஸ்டருக்கு ஒரு மைதானம் கிடைத்திருக்கும். டீச்சருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

வகுப்பில் ஒரு பெண் உண்டு. யார் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவாள் என்பதால் அவளுக்குப் பெயர் ‘எதிர்க்கட்சி’. அவள் கை தட்டவில்லை.

“முதல்ல கோணலாப் போட்டப்பவும் சரின்னுதான் சொன்னீங்க. இப்பவும் சரின்னு சொல்றீங்க. எதை நம்பறது?”

“கண்ணு தெரியலையா உனக்கு?” என்றான் டியூஷன்.

“கண்ணுக்குத் தெரியறதை நம்பாதேன்னு நீதானே அப்ப சொன்னே?”

மாஸ்டர் குறுக்கிட்டார். “இதுக்கு ஏம்மா சண்டை? டேப்பை எடு. மூலைக்கு மூலை இப்படி ஒண்ணு, அப்படி ஒண்ணு. ரெண்டும் சமமா இருந்தா மைதானம் சரி.”

அளந்தார்கள். இரண்டும் ஒரே அளவு.

“அவ்வளவுதான்” என்றார் மாஸ்டர்.

“ஏன் மாஸ்டர்?” என்றாள் எதிர்க்கட்சி.

“என்ன ஏன்?”

“ரெண்டும் சமமா இருந்தா மூலையெல்லாம் ஏன் செங்கோணமா இருக்கணும்?”

“எங்க மாஸ்டர் சொன்னாரும்மா. இருபது வருஷமா அளக்கறேன், ஒரு தடவையும் தப்பினதில்ல.”

“இருபது வருஷம் சரியா இருந்தா எப்பவும் சரியா இருக்குமா?”

மாஸ்டர் டீச்சரைப் பார்த்தார். “இந்தப் பொண்ணை வீட்ல எப்படி வச்சிருக்காங்க?”

டீச்சர் பிற்பாடு என்னிடம் சொன்னார்: எகிப்தியருக்குக் கயிறு வேலை செய்தால் போதும், ஏன் வேலை செய்கிறது என்று விடாமல் கேட்டவர்கள் கிரேக்கர்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக உலகுக்குப் பல நூற்றாண்டு ஆயிற்று, தம் வகுப்புக்கு ஒரு பிற்பகல் ஆயிற்று. நூற்றாண்டுக் கணக்கைப் பற்றி எனக்குச் சில திருத்தங்கள் இருந்தன. சொல்லவில்லை.

அவர் டியூஷனையும் இன்னும் மூன்று பேரையும் நான்கு மூலைகளில் நிற்கவைத்தார். “எழுத்து கிடையாது, புத்தகம் கிடையாது. நீ, நீ, நீ, நீ. கீழ்க்கோட்டுல நிக்கிற உங்க ரெண்டு பேருக்கும் அந்தக் கோடு பொது. அதன் மேல ரெண்டு முக்கோணம் இருக்கு. ஒண்ணுக்கு இடது ஓரம், இன்னொண்ணுக்கு வலது ஓரம், மூணாவது பக்கம் மூலைக்கு மூலை. என்னென்ன சமம்?”

“ஓரம் ரெண்டும் ஒன்பது மீட்டர்” என்றாள் எதிர்க்கட்சி. “மூலைக்கு மூலை ரெண்டும் சமம், இப்பத்தான் அளந்தோம். கீழ்க்கோடு ஒண்ணேதான்.”

“மூணு பக்கமும் சமம். அப்போ?”

டியூஷனின் உதடுகள் அசைந்தன. முதலில் முணுமுணுத்தான், பிறகு கத்தினான்.

“ப-ப-ப! டீச்சர், பக்கம் பக்கம் பக்கம்! அது இதுக்குத்தானா?”

“வேற எதுக்குடா? மந்திரிக்கவா?”

“அப்ப ரெண்டு முக்கோணமும் சர்வசமம். நானும் இவனும் நிக்கிற மூலை ரெண்டும் ஒரே கோணம். இதே மாதிரி சுத்தி வந்தா நாலு மூலையும் சமம்.”

“நாலும் சேர்ந்தா முந்நூத்தி அறுபது” என்றாள் எதிர்க்கட்சி, அவனை முந்திக்கொண்டு. “நாலால வகுத்தா தொண்ணூறு. இப்ப நம்பறேன்.”

டீச்சர் தட்டுவதற்குக் கரும்பலகை இல்லை. மாஸ்டரின் தோளைத் தட்டிவிட்டார்.

மறுநாள் போட்டியில் எங்கள் பள்ளி தோற்றது. மைதானத்தைப் பற்றி எவரும் குறை சொல்லவில்லை.

இத்துடன் டீச்சர் வென்றுவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். தலைமையாசிரியர் அப்படி நினைக்கவில்லை. “கோடு போட்டதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மார்க்கு?” என்று வெள்ளிக்கிழமை மாலையே கேட்டுவிட்டார். புதிய கால அட்டவணை அச்சிடப்பட்டு அவர் மேசையில் கிடந்தது. அதில் வடிவியல் இல்லை.

திங்கட்கிழமை காலை, மணி அடிக்கும் முன்பே அவருக்கு ஒரு தொலைபேசி வந்தது. அழைத்தவர் டியூஷன் சார். நான் ஒரு விடுப்பு விண்ணப்பத்துடன் அங்கே நின்றிருந்ததால் ஒரு பக்க உரையாடலை முழுமையாகக் கேட்டேன்.

“யாரு? நம்ம முதல் ரேங்க் பையனா? ஏன்னு கேக்கறானா? எதுக்கு ஏன்? எல்லாத்துக்குமா? கூட ஒரு பொண்ணும் சேர்ந்துட்டாளா? ஒரு தேற்றத்துக்கே உங்களுக்கு ரெண்டு மணி நேரம் போயிடுச்சா? புரியுது சார். இல்ல சார், பள்ளிக்கூடத்திலேயே தீர்த்துடச் சொல்றேன். உங்ககிட்ட வராம பாத்துக்கறேன்.”

தொலைபேசியை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். புதிய அட்டவணையை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். “அந்த டீச்சரோட பீரியட் பழையபடியே இருக்கட்டும்னு சொல்லிடுங்க சார். தலைவலியை அவங்களே வச்சுக்கட்டும்.”

போய்ச் சொன்னேன், காரணத்தோடு. மாஸ்டரும் அங்கே இருந்தார். டீச்சர் முகத்தில் நான் எதிர்பார்த்த மலர்ச்சியைக் காணோம்.

“டியூஷன் சாருக்குத் தொந்தரவா இருக்குன்னா எனக்குப் பீரியட் குடுக்கறாங்க? வடிவியல் வேணும்னு இல்லையா?”

“என்ன டீச்சர், விடை சரிதானே?” என்றார் மாஸ்டர்.

“விடை சரி. வழி தப்பு” என்று சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “பாதி மார்க்குதான்.”