தனியா ஒரு பாஸ்போர்ட்

பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால் ஏதாவது ஒரு முடிவோடுதான் வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, டெல்லி கோல் மார்க்கெட்டில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். கோடை விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் மெட்ராசிலிருந்து கப்பலேறி, பினாங்கில் இருந்த அத்தை வீட்டுக்குப் போகிறோம் என்று அறிவித்தார். எனக்கு அப்போது எட்டு வயது. டெல்லியில் பிறந்தவள் நான். கடலைப் பார்த்ததே இல்லை. கட்டிலின் மேல் ஏறிக் குதித்தேன்.

"ஒரே பாஸ்போர்ட் போதும்ல தம்பி," என்றார் பெரியப்பா. "உன் பேருல எடுத்து, பொண்டாட்டி போட்டோவையும் அதுலயே ஒட்டி, பிள்ள பேரையும் எழுதிட்டா சோலி முடிஞ்சுது. நாங்க அப்படித்தான் எடுத்திருக்கோம்."

அந்தக் காலத்தில் கணவனும் மனைவியும் ஒரே பாஸ்போர்ட்டுக்குள் அடங்கிவிடலாம். என்ன, அதை வைத்துக்கொண்டு மனைவி மட்டும் எங்கும் போக முடியாது. பெரியப்பாவுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து வந்தவள் உடுப்பைக்கூட மாற்றாமல் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அடுக்களையிலிருந்தே பெரியப்பாவிடம் சொன்னாள்: "எனக்குத் தனியா எடுக்கணும் அத்தான்."

"நீ தனியா எங்க போப்போற?"

"கப்பலுக்குத்தான். எனக்குன்னு ஒரு பாஸ்போர்ட் இருந்தா கப்பல் முங்கிருமா?"

பெரியப்பா டீயைத் தொடாமல் எழுந்து போனார். பெரியம்மா தன்னுடையதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனாள்.

அப்பா எதற்குமே எதுவும் சொல்லாதவர். ஆனால் அடுத்த சனிக்கிழமை எங்களை மார்க்கெட் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், கடைக்காரரிடம் தானும் அம்மாவும் சேர்ந்தாற்போல் ஒரு படம் வேண்டும் என்று இந்தியில் சொன்னார். அம்மா அவருக்கு முன்னால் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நஹீ பையா, சிர்ஃப் மேரா," என்றாள். அவளுடையது மட்டும் போதுமாம். கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களைப் பார்த்தார். விளக்கு பளிச்சிட்டது.

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மா இறங்கியதும் நான் ஸ்டூலில் ஏறிக்கொண்டேன். "எனக்கும் அலக் வேணும்!" என்று கத்தினேன். எங்கள் வீட்டுத் தமிழில் 'தனியா' என்பது 'அலக்' ஆகிவிடும். பாதி வார்த்தைக்கு இந்தி வந்து முட்டுக்கொடுக்கும். இறங்கச் சொன்னார் அப்பா. நான் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அம்மா சிரித்தபடி என் தலையை வாரிவிட்டாள். ஆக, எனக்கும் ஒரு படம்.

சிக்கல் அதில்தான் வந்தது. அம்மாவின் விண்ணப்பத்தை அவளே நிரப்பிக் கொடுத்துவிட்டாள். என்னுடையதில் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். சேதி தெரிந்து பெரியப்பா ஓடிவந்தார்.

"போடாத. ஆளுக்கொரு பாஸ்போர்ட்ட கையில குடுத்தேன்னா, நாளைக்கு இந்த வீட்டுல நீ மட்டும்தான் கெடப்ப!"

அம்மா அப்பாவிடம் பேசினாள். "போடலன்னா பரவாயில்ல. நீங்களும் அத்தானும் போய்ட்டு வாங்க. நானும் பிள்ளையும் இந்த டெல்லி வெயில்லயே கெடக்கோம்."

"நானும் போக மாட்டேன்," என்றேன். சொன்ன உடனே கடல் கைவிட்டுப் போனது போல அழுகை முட்டியது. அழவில்லை. அம்மாவைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் உட்கார்ந்திருக்கும்போதே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். எனக்குத் தெரிந்து அண்ணன் பேச்சை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான்.

மெட்ராஸ் துறைமுகத்தில் என் பாஸ்போர்ட்டை நானே எக்கி நின்று நீட்டினேன். கப்பல் கிளம்பியதும் பெரியப்பாவுக்குத் தலைசுற்றலும் வாந்தியும். பினாங்கு வந்தபோதும் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. அவர் தேறி இறங்கும்வரை பெரியம்மாவும் இறங்க முடியாது. அவள் அவருடைய பாஸ்போர்ட்டுக்குள் அல்லவா இருந்தாள்? நாங்கள் கரையிலிருந்து கையாட்டினோம். பெரியம்மா பதிலுக்குக் கையாட்டவில்லை. சாயங்காலம் அவர் தேறியபின்தான் இருவரும் இறங்கினார்கள். அன்று இரவு அத்தை வீட்டில் பெரியம்மா அம்மாவைத் தனியே இழுத்துப்போய், "அந்தத் தனி பாஸ்போர்ட்டுக்கு யாரப் போய்ப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

அம்மாவோடு வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி அப்போதே குவைத்துக்குப் போயிருந்தாள். அவளிடமிருந்து அம்மாவுக்கு வேலை விஷயமாகக் கடிதங்கள் வந்துகொண்டிருந்ததும், அது அப்பாவுக்குத் தெரிந்திருந்ததும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். அம்மா குவைத்துக்குப் போனது நான் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது.

திரும்பி வரும் கப்பலில் ஒரு சாயங்காலம், அப்பாவும் அம்மாவும் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தேன்.

"போயிருவியா?" என்று கேட்டார் அப்பா.

அம்மா கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "போனா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். கேட்டுட்டுப் போக மாட்டேன்."

கீழே சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள். அதற்குப் போவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து, வாயில் பிஸ்கெட்டோடு எழுந்து ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"நானும் வாரேன்," என்றேன்.