ஆர்ச் கேட்டில் எந்தப் பக்கம்

விஜயகுமாரிக்குப் பயம் கூடவே பிறந்தது. இடி இடித்தால் பயம், பல்லி விழுந்தால் பயம். ஸ்கூட்டியில் போகும்போது பின்னால் லாரி ஹாரன் அடித்தால் ஓரங்கட்டி இறங்கியே நின்றுவிடுவாள். நெய்வேலி டவுன்ஷிப்பில் இரண்டு குவார்ட்டர்ஸ் வீடுகளில் சமைக்கிறாள். புருஷன் கொளஞ்சிநாதனுக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. ஆர்ச் கேட்டுக்கு வெளியே வாடகை வீடு.

அன்று மதியம் சோறு போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தபோது, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். ஃபேன் ஓடியும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வெறும் கேஸ் என்றார். ஓமத்தண்ணீர் குடித்தார், சோடா குடித்தார். ஏப்பம் வரவில்லை. இடது கை வேறு கடுக்கிறது என்றார். 108-க்கு அடிக்கப்போனவள் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். போன மாதம் போல வடலூர் கிளினிக்கில் ஓர் ஊசி போட்டால் போதும், டவுன்ஷிப் ஆஸ்பத்திரி மட்டும் வேண்டாம் என்றார்.

ஏன் வேண்டாம் என்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே போனால் காண்ட்ராக்டர் காதுக்கு எட்டிவிடும். நெஞ்சுவலிக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்கு மைன்ஸுக்குள் நுழைய கேட் பாஸ் போடமாட்டார்கள். கூட வேலை பார்த்த அன்புமணிக்கு அப்படித்தான் பாஸ் போனது. இவரோ கல்யாணமான நாளிலிருந்து பெர்மனென்ட் ஆகும் ஆகும் என்று இலவு காத்த கிளியாக இருக்கிறவர். அதனால்தான் இந்தப் பக்கத்துக் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வருவதெல்லாம் கேஸ். நெஞ்சுவலி பெர்மனென்ட்காரர்களுக்கு மட்டும்தான் வரும்.

அவரைப் பின்னால் உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள். ஆர்ச் கேட் வந்தது. நேரே போனால் வடலூர், உள்ளே திரும்பினால் ஆஸ்பத்திரி. உள்ளே போனால் பிழைப்பு போகும், நேரே போனால் ஆளே போய்விடுவாரோ? மாரியாத்தா, நீயே சொல்லு என்று வேண்டினாள். அதுவரை கேஸ், கேஸ் என்று முனகிக்கொண்டு வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் தலை அவள் முதுகில் பாரமாகச் சரிந்தது. விஜயகுமாரி உள்ளே திரும்பினாள்.

கேஷுவால்டியில் டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டதும் கொளஞ்சிநாதனுக்கு எங்கிருந்தோ மூச்சு வந்தது. கேஸ்தான், ஓர் ஊசி போடுங்கள் என்றார்.

"பொய் சொல்றாருங்க," என்றாள் அவள். "நெஞ்சு வலிக்குது, கை கடுக்குது, வேர்த்துக் கொட்டுது. வேல போயிடும்னு மறைக்கிறாருங்க."

உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மாரடைப்பு, ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் எங்களாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் வந்து சொன்னார்.

மறுநாள் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிட்டதா என்பதுதான். சூப்பர்வைசரே போன் செய்தார், நான்தான் சொன்னேன் என்றாள். கொளஞ்சிநாதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாடகையை நினைத்து, பாஸை நினைத்து, அவர் கோபத்தை நினைத்து அவளுக்கு மறுபடியும் பயம் வந்தது. போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள்.

"கோச்சிக்கினே கெடங்க. கோச்சிக்கிறதுக்கு ஆளு இருக்கே, எனக்கு அது போதும்."