இடது பக்கத்துக்கு ஒன்று

மருத்துவர் மார்புக்குள் வைக்கும் பைகளின் மூன்று மாதிரிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றுக்குள் உப்புநீர். மற்ற இரண்டுக்குள்ளும் சிலிக்கன் ஜெல். அந்த இரண்டில் ஒன்று வட்டமாக இருந்தது, மற்றது நீர்த்துளி போல மேலே ஒடுங்கிக் கீழே திரண்டிருந்தது. என் மகள் வட்டமானதைக் கையில் எடுத்து விரலால் அமுக்கினாள்.

"அம்மா, நுங்கு மாதிரிக் கிடக்கு. பிடிச்சுப் பாருங்கோ."

நான் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன். "இது உள்ளுக்குள்ள வெடிச்சா என்ன செய்யிறது, டொக்டர்?"

"அம்மா, இது குண்டில்லை."

மருத்துவர் சிரித்தார். திருகோணமலையில் போர்க்காலத்தில் வளர்ந்த என் வயதுக்காரரிடம் அந்தப் பகிடி எடுபடாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அவளுடைய இடது மார்பு வளரவேயில்லை. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். ஒரு பக்கம் பிந்தி வளர்வது இயல்புதான் என்று அவளுக்கும் எனக்கும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வலது பக்கம் நிறைந்தது. இடது பக்கம் சிறு பிள்ளையின் நெஞ்சாகவே நின்றுவிட்டது. உள்ளாடைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். விடுமுறைகளில் சொந்தக்காரர் எல்லோருமாக நிலாவெளிக்குக் குளிக்கப் போவோம். பெண்கள் உடுப்போடுதான் கடலில் இறங்குவோம் என்றாலும் நனைந்த உடுப்பு எதையும் மறைக்காது. பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கீழே இறங்கிவிடும். ஒருமுறை அப்படி நடந்த பிறகு அவள் கடலில் இறங்கவில்லை. மணலில் இருந்து எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பாள். கேட்டால், வெயிலில் தலையிடிக்குது என்பாள்.

படித்து, அதே நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, ஒருநாள் சாப்பாட்டு மேசையில், இடது பக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்யப்போவதாகச் சொன்னாள். என் கணவர் சீனன்குடாவில் வேலை செய்பவர். அவர் பிட்டைப் பிசைந்தபடியே, "அவள் சின்னப்பிள்ளையே? யோசிச்சுத்தான் கதைக்கிறாள்," என்றார். பிறகு எழுந்து கையைக் கழுவினார். கோப்பையில் பிட்டு பாதிக்கு மேல் இருந்தது.

எனக்கு உப்புநீர்ப் பைதான் நல்லதாகப் பட்டது. கிழிந்தாலும் சேலைன் தண்ணீர்தானே, உடம்பு உறிஞ்சிவிடும். அதை மருத்துவரிடம் சொன்னேன்.

"சரிதான் அம்மா. கிழிஞ்சா வெளியிலயும் தெரிய வரும், காத்துப் போன பந்து மாதிரி இறங்கிடும். ஆனா பிள்ளைக்கு அந்தப் பக்கம் தோல் மெல்லிசு, கொழுப்பும் இல்லை. குனிஞ்சா அலை அலையா மடிப்புத் தெரியும். நான் ஜெல்தான் சொல்லுவன். இப்ப வாற ஜெல் வெட்டினாலும் ஓடாது."

"கிழிஞ்சா?"

"சில நேரம் வெளியில ஒண்டும் தெரியாது. அதுக்குத்தான் இடைக்கிடை ஸ்கேன். ஆயுளுக்கும் இருக்கிற சாமானும் இல்லை, பிறகொருநாள் மாத்த வேண்டி வரலாம்."

பயந்தவளுக்குக் கண்ணில் தெரிகிற கேடுதான் மேல். தெரியாமல் உள்ளே கிடக்கிற கேட்டை நான் எப்படிக் காவல் காப்பது?

மகள் நீர்த்துளி வடிவத்தை விரும்பினாள். அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தது. உள்ளே திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்வதற்காம். அப்படிச் சொரசொரப்பானவற்றைச் சுற்றி மிக அரிதாக ஒரு புற்றுநோய் வந்திருக்கிறது என்று மருத்துவரே சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்னவை என் காதில் சரியாக விழவில்லை. பிள்ளை பிறந்தால் பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். வலது பக்கத்தால் கொடுக்கலாம், இடது பக்கம் முதலே வளராததால் உறுதி சொல்ல ஏலாது என்றார். "முதல்ல மாப்பிள்ளை வரட்டும் டொக்டர், பால் பிறகு," என்றாள் மகள்.

கடைசியில் வழுவழுப்பான மேற்பரப்புள்ள வட்ட ஜெல், தசைக்குக் கீழே, இடது பக்கத்துக்கு ஒன்று மட்டும் என்று முடிவானது. நீர்த்துளியை அவள் விட்டுக்கொடுத்தாள். எனக்காகத்தான் விட்டாளோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

ஒழுங்கையில் உள்ள அயலவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. கமக்கட்டுக்குக் கீழே சின்னக் கட்டி, கண்டியில் எடுக்கப் போகிறோம் என்றேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"எந்தப் பக்கம் டீச்சர்?"

"இடது."

"அப்ப பரவாயில்லை, எழுதிற கை தப்பிச்சுது. ஆனா கட்டியெண்டா சும்மா விடக்கூடாது."

அடுத்த நாள் கோயில் திருநீறு கொண்டுவந்து மகளின் நெற்றியில் பூசிவிட்டாள். அவள் போன பிறகு, இல்லாத கட்டியை நானே என் வாயால் அவள் உடம்பில் வைத்துவிட்டேனோ என்று இருந்தது. விஞ்ஞானம் படித்தவள் இப்படி நினைக்கக்கூடாது என்று தெரியும். நினைத்தேன்.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் ஒரு வாடகை வான் பிடித்துப் போனோம். கப்பல்துறை தாண்டும்வரை அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் அவளுடைய மருத்துவக் கடுதாசிகள் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஏதாவது ஒரு சோதனைச் சாவடியில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட மாட்டார்களா என்றுகூட ஒரு கணம் ஆசை வந்தது. ஒருவரும் மறிக்கவில்லை.

சத்திரசிகிச்சை மறுநாள் காலையில் நல்லபடி முடிந்தது. மதியம் கஞ்சி குடித்தாள். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். "ஆரோ ஏறி நெஞ்சில இருக்கிற மாதிரி. நீங்கள்தானோ?" என்றாள்.

பின்னேரம் அவள் பகிடி விடுவதை நிறுத்தினாள். "இறுக்கிது அம்மா" என்று மட்டும் சொன்னாள். கட்டுக்கு மேலே தோல் ஊதா நிறத்தில் மினுங்கியது. இடது பக்கம் காலையில் இருந்ததைவிடப் பருத்து, கல்லாக இருந்தது. நான் கூப்பிட்ட குரலுக்குத் தாதி ஓடி வந்தாள். கட்டைத் தளர்த்திப் பார்த்தாள், தொலைபேசிக்கு ஓடினாள்.

மருத்துவர் வந்து தொட்டுப் பார்த்தார். "உள்ளுக்குள்ள இரத்தம் கசிஞ்சு தேங்குது. சிலருக்கு நடக்கிறதுதான். உடன திறந்து, கசியிற இடத்தை அடைக்க வேணும். வச்சதை எடுத்து, எல்லாம் கழுவிட்டு, திரும்ப வைக்கலாம். பயமெண்டா இப்ப வைக்காம மூடிடுவன். பல மாதம் போக யோசிப்பம். பிள்ளை, உங்களுக்கு எப்பிடி?"

வலிக்கு ஏற்றிய மருந்தில் அவளுடைய கண் செருகியது. "எனக்கு யோசிக்க ஏலாது. அம்மா சொல்லட்டும்."

"முடிவு உங்கட, பிள்ளை."

"அம்மா சொல்றதுதான் என்ர முடிவு. சொல்லுங்கோ அம்மா."

இத்தனை கிழமையாக நான் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தச் சாமான் வெளியே வந்துவிடும். பிறகு ஸ்கேன் இல்லை, தெரியாமல் கிழிவது இல்லை, ஒன்றுமில்லை. பழைய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அவளும் என்னைக் குறை சொல்ல மாட்டாள். வாயைத் திறந்தேன்.

அப்போது அவளுடைய வலது கை அசைந்தது. நோகிற இடத்துக்குப் போகவில்லை. போர்வையின் விளிம்பைத் தேடிப் பிடித்து, இடது பக்கத்துக்கு மேலே கழுத்துவரை இழுத்துவிட்டது. இழுத்தபோது வலியில் முனகினாள். ஆனாலும் இழுத்தாள். நினைவு தடுமாறுகிற அந்த நிலையிலும் அந்தக் கை தன் வேலையை மறக்கவில்லை.

"திரும்ப வையுங்கோ, டொக்டர்," என்றேன்.

அவளைத் தள்ளிக்கொண்டு போன பிறகு, நடைபாதையில் இருந்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கணவருக்குப் போன் எடுத்தேன்.

"திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டு போட்டினம். எடுக்கிறதோ வைக்கிறதோ எண்டு என்னட்டக் கேட்டவை."

"என்ன சொன்னனீர்?"

"வைக்கச் சொன்னனான்."

"நீரோ சொன்னது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் அழத் தொடங்கினேன். அவர் ஆறுதல் சொல்லத் தெரியாமல், சாப்பிட்டீரோ, குளிருக்குப் போர்க்க ஏதும் இருக்கோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூடிய கதவைப் பார்த்தபடியே எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். உள்ளே ஏதாவது ஆகிவிட்டால், வைக்கச் சொன்னவள் நான். இந்தப் பயத்தில் பங்குக்கு இனி ஒருவரையும் கூப்பிட முடியாது.

இரத்தம் நின்றது. இரத்தம் வடிய வைத்த ஒரு குழாயோடு திரும்பி வந்தாள். கண் விழித்ததும் என்னைத் தேடி, "இருக்கோ?" என்று கேட்டாள்.

"இருக்கு."

அவள் மறுபடி கண்ணை மூடினாள். முகத்தில் ஒரு இளக்கம் தெரிந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைப் பார்த்தும் என் நெஞ்சு அடங்கவில்லை.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். காயம் ஆறிவிட்டது, அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்கிறாள். நானோ அவள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குவதை நினைத்துக்கொண்டு வகுப்பில் பாதி வசனத்தில் நிற்கிறேன். காலையில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று, சட்டையின் முதுகுக் கொழுவியைப் பூட்டிவிடக் கூப்பிடுவாள். கண்ணாடியில் என் கண் தானாக இடது பக்கத்துக்குப் போய், உயரம் மாறியிருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று தேடும். இன்றைக்கும் தேடியது.

"அம்மா, கொழுவியைப் பாருங்கோ. அங்கை இல்லை."

"கொழுவியைத்தான் பாக்கிறன்."

"பிறகேன் இன்னும் பூட்டேல்லை?"

"நேரமாச்சுது, அசையாம நில்," என்றேன். அவள் சிரித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.