அம்மாவின் குளோசப்

அம்மாவை ஒரு இந்திப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். தாராவியில் எங்கள் சந்தின் குழாயடியில் அவள் யாரையோ ஏசிக்கொண்டிருந்தபோது, ஷூட்டிங்குக்கு இடம் தேடி வந்த அஸிஸ்டென்ட் டைரக்டர் ஒருவன் நின்று கேட்டிருக்கிறான். படத்தில் கதாநாயகனின் அம்மா தமிழ்க்காரி. தமிழிலேயே பேசினால் போதும் என்று சொல்லி அழைத்துப் போனார்கள்.

முதல் நாள் நடித்துவிட்டு வந்து போனில் என்னிடம் குறைப்பட்டாள்.

"என்னட்டி சினிமா இது? மவனா நடிக்க அந்த ஹீரோத் தம்பியும் நானும் சண்ட போடணும். மொதல்ல கேமராவ என் முதுகுக்குப் பின்னால வச்சு அவன் பேசுனத எடுத்தாங்க. அப்பொறம் திருப்பி வச்சு என்னைய எடுக்க வந்தா, அவன் ஏசி வண்டிக்குள்ள போய் உக்காந்துட்டான். அவன் நின்ன எடத்துல ஒரு கம்ப நட்டி, செவப்பு டேப்ப ஒட்டி, இதான் ஒன் மவன், இதப் பாத்துப் பேசுங்காங்க."

"அப்போ பதில் சொன்னது யாரு?"

"அந்த அஸிஸ்டென்ட் பையந்தான். பேப்பரப் பாத்து வாசிச்சான், ரேஷன் கடைல பேரு கூப்பிடுத மாதிரி."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். குர்லாவில் கணவர் வீட்டில் இருந்த காலம் அது. சிரிப்புச் சத்தம் கேட்டு அவர் அறைக்குள் எட்டிப் பார்த்ததும் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் என்னை அடித்தார். முன்பும் அடித்திருக்கிறார். ஆனால் அன்று அவருடைய தங்கையின் பிள்ளைகள் இட்லித் தட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு துணியைப் பையில் திணித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அம்மா ஷூட்டிங்கில் இருந்தாள், போன் எடுக்கவில்லை. சுனாபட்டியில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள ஒரு பழைய சால் கட்டிடத்தில் எடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள். ரயிலில் ஒரே ஸ்டேஷன்.

அங்கே விளக்குகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். டேப் ஒட்டிய அந்தக் கம்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தரையில் கிடந்த ஒயர்களைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அம்மா, நான் இனி அங்க போவ மாட்டேன்."

யாரோ ஒரு விளக்கை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"ஏட்டி, சாப்ட்டியா?" என்றாள்.

அவ்வளவுதான். யாரோ என்னை நகரச் சொன்னார்கள். அம்மா மிச்சக் காட்சியையும் முடித்துக் கொடுத்தாள். சாயங்காலம் இருவருமாகத் தாராவிக்குத் திரும்பினோம். நான் இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

படம் வெளிவந்தபோது செம்பூரில் ஒரு தியேட்டருக்குப் போனோம். இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி. மகன் சட்டையெல்லாம் ரத்தத்தோடு வாசலில் வந்து நிற்கிறான். "ஒருத்தனைக் கொன்னுட்டேன்மா" என்கிறான். அடுத்து அம்மாவின் முகம், திரை முழுக்க.

அவளுடைய கண் முதலில் கீழே போகிறது. பிறகு மெல்ல ஏறி ஒரு இடத்தில் நிலைகுத்துகிறது. கீழுதடு ஒருமுறை உள்ளே போய் வருகிறது.

அந்தக் கண் பார்த்தது என் பையை. நிலைகுத்தி நின்றது, வீங்கியிருந்த என் கன்னத்தில். விளக்குகளை நகர்த்தியபோதும் கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. என் வாக்கியத்தை வெட்டிவிட்டு, அங்கே அவனுடைய வாக்கியத்தை வைத்திருக்கிறார்கள்.

திரையில் மறுபடி மகன் முகம். அந்த முகத்தின்மேல் அம்மாவின் குரல் கேட்டது: "சாப்ட்டியா?" புடவைக்குள் குத்தியிருந்த மைக் அதையும் பிடித்திருந்தது. 'ஏட்டி' மட்டும் இல்லை. மகனை எப்படி 'ஏட்டி' என்பாள்? வெட்டிவிட்டார்கள்.

தியேட்டரில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்று நான் பார்க்காமல் விட்ட முகத்தை முன்பின் தெரியாத இத்தனை பேரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னது அவளை இப்படியா அடித்தது? பக்கத்தில் அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள்.

வெளியே வந்ததும் அந்த அஸிஸ்டென்டுக்குப் போன் செய்தேன். "படத்துலேயே பெஸ்ட் ஷாட் அதுதான் தீதி" என்று இந்தியில் சந்தோஷமாகச் சொன்னான்.

"அது நடிப்பு இல்ல. என்கிட்ட பேசினது."

"அதனாலதான் அவ்வளவு நல்லா வந்திருக்கு" என்றான். அவன் குரலில் துளி உறுத்தல் இல்லை. போனை வைத்துவிட்டேன்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "ஒன் சத்தம் எங்கயும் வரலேல்லா?"

"இல்லம்மா."

"அப்போ போவட்டும். என் மூஞ்சிதான."

"அன்னைக்கு என்னம்மா நெனச்ச?"

"என்னத்த நெனைக்க? பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

அதன்பிறகு அவளை வேறொரு படத்துக்குக் கூப்பிட்டார்கள். போனாள். வேலை முடிந்ததும் மைக்கை அவளே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் யாரோடும் பேசுகிறாளாம்.