இருபத்தோரு நாளுக்கு ஒரு ஊசி

நம் பங்கின் அன்பியக் கூட்டத்துக்கு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, மாதா எனக்குச் செய்த உதவியை இத்தனை நாள் வெளியே சொல்லாமல் இருந்தேன். அதைச் சொன்னால் என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். அதனால்தான்.

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம். என் கணவர் சேவியரை விட்டு நான் பிரிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குடி, அடி, சந்தேகம். மகள் ஜெனியைக் கூட்டிக்கொண்டு கல்மண்டபத்தில் ஒற்றை அறையில் இருந்தேன். தையல் கம்பெனியில் வேலை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். திருவொற்றியூரில் தனியாக இருந்தார்.

எட்டு வயதில் ஜெனிக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. இதயத்தைத் தாக்குகிற காய்ச்சல் என்றார் டாக்டர். அது திரும்ப வராமலிருக்க இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை இடுப்பில் ஊசி போட வேண்டும், ஒன்றுகூடத் தவறக் கூடாது என்றார். எனக்கு லீவு கிடைக்காது. அவருக்கு ஷிப்டு வேலை, பகலில் நேரம் கிடைக்கும் என்பதால் அவர்தான் கூட்டிப் போனார்.

அந்த ஊசி போட்டால் காலை ஊன்ற முடியாது. பஸ் ஸ்டாப் வரை தூக்கிக்கொண்டே வருவாராம். “அப்பா தோள்லயே தூங்கிட்டேம்மா” என்பாள் ஜெனி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை அடித்த கைதானே அது? ஒரு நாள்கூட அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. “இந்த மனுஷன் என் கண்ணில் படாமல் செய் தாயே” என்றுதான் ஜெபமாலை சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், வாசலில் நாலு பேர் பார்க்கக் கத்தினார்.

“கொயந்தைக்கு சோறு போட்றியா இல்லியா? இன்னா இப்டி எளச்சி கீது?”

“இனிமே இந்தப் பக்கம் வராத. எம் புள்ளைக்கு ஊசி போட எனக்குத் தெரியும்” என்று கதவைச் சாத்தினேன்.

அடுத்த ஊசி நாளில் ஓவர்டைம். நாளைக்குப் போகலாம் என்று தள்ளினேன். தள்ளித் தள்ளி இரண்டு ஊசி போய்விட்டது. அவரைக் கூப்பிட மனசு வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவும்போது ஜெனிக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசிக் கார்டைப் பார்த்த டாக்டர், காலியாக இருந்த இரண்டு கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

வராந்தாவில் முழங்காலில் விழுந்தேன். அம்மா தாயே, இவளைக் காப்பாற்று. அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் கொடு. அவ்வளவுதான் என் ஜெபம்.

பக்கத்து வீட்டக்கா போன் செய்ததும் அவர் கிரீஸ் படிந்த சட்டையோடு ஓடி வந்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். ஆனாலும் சொன்னேன்.

“ரெண்டு ஊசி நான்தான் போடல. உன்ன கூப்புடக் கூடாதுன்னு வீம்பு.”

அவர் சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

“ஒரு போன் பண்ணிருந்தா ஓடியாந்திருப்பேன்ல ஸ்டெல்லா?”

கொஞ்சம் கழித்து, “இப்போ சண்ட போட்டா கொயந்த எய்ந்துக்குமா? நீ போய் எதுனா துன்னுட்டு வா. நா இங்கியே குந்தினு கீறேன்” என்றார்.

ஐந்து நாள் மாறி மாறி இருந்தோம். ஆறாவது நாள் ஜெனி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். மாதா என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் வால்வு ஒன்று கெட்டுவிட்டது. அவள் இனி ஓட முடியாது. அது நான் செய்தது. சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்த பிறகும் அந்த வலி போகவில்லை.

அடுத்த ஊசிக்கு அவர் வந்தபோது, “நீ வர்றதாலதான் புள்ள நல்லா இருக்கா. ரொம்ப நன்றி” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எம் புள்ளதான” என்று அவளை அழைத்துப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

நாங்கள் சேர்ந்து வாழவில்லை. அடித்ததை நான் மறக்கவில்லை. அவர் இன்னும் குடிக்கிறார், கத்துகிறார். ஆனால் ஊசி நாளில் மட்டும் குடிப்பதில்லை. இந்த ஆறு வருஷத்தில் ஒரு ஊசிகூடத் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் நன்றி சொல்கிறேன்.

உங்களிலும் யாராவது என்னைப் போல் பிரிந்து வாழ்ந்து, கசப்போடு ஜெபமாலை பிடித்திருக்கலாம். அந்த மனுஷனை மாற்று என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். என் வீம்பையும் எடுத்துவிடு என்று கேளுங்கள். மாதா கேட்பாள். என் ஜெபத்தைக் கேட்டாள். நான்தான் அதைக் கேட்க இரண்டு ஊசி தாமதித்துவிட்டேன்.