அய்யாத்துரையின் மூச்சு

புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் ஏலம் கூறுவது அய்யாத்துரையின் வேலை. குவியல் குவியலாகப் பழத்தைக் கொட்டியதும் அவர் குரல் எழும்பும். லாரிச் சத்தத்துக்கும் மேலே கேட்கும். ஒரு குவியல் முடிந்து அடுத்ததுக்குப் போவதற்குள் ஒரு பீடி. இளவட்டத்தில் தொடங்கிய பழக்கம், ஐம்பது தாண்டியும் விடவில்லை.

போன ஆடிக்கு முன்னால் ஒரு காலை, பாதி ஏலத்தில் குரல் நின்றுபோனது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். மிச்ச ஏலத்தை ஒரு வியாபாரியே கூறி முடித்தார்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது மேல்பக்கம் ஒரு நிழல் தெரிகிறது, பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். அய்யாத்துரைக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. அவருடைய அண்ணனும் இப்படி ஒரு நிழலில் தொடங்கித்தான் புற்றுநோயில் போனார். வீட்டில் “சளிதான்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகாமல் படுத்தார். கேஸ் சிலிண்டரை எப்படி மாட்டுவது, மோட்டார் ஓடாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று மனைவி தங்கபுஷ்பத்துக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

அவளுக்குப் பொறி தட்டிவிட்டது.

“எங்கிட்ட என்னத்த மறைக்கிதீய?”

அவர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை.

“டாக்டரு சொல்லாத சீக்க நீங்களாச் சொல்லுதீயளே. எந்திரிங்க, தென்காசிக்குப் போவோம்.”

தென்காசியில் நெஞ்சுநோய் டாக்டர் சஃப்ரின், வயதில் சிறிய பெண். ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதச் சொன்னார். ஸ்கேன் எடுத்தார். முடிவு வரும்வரை தங்கபுஷ்பம் புருஷன் கையை விடவே இல்லை.

“அண்ணாச்சி, புற்று இல்ல. அந்த நிழல் என்னைக்கோ வந்து ஆறிப்போன பழைய காயத்தோட தழும்பு.”

அய்யாத்துரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

“ஆனா வேற ஒண்ணு இருக்கு” என்றார் டாக்டர். “உங்களுக்குக் காத்து உள்ள போவுது, முழுசா வெளிய வரமாட்டேங்குது. நுரையீரல்ல சின்னச் சின்னக் காத்துப்பைகள் இருக்கு. அதோட சுவர்ல ரப்பர் மாதிரி இழுபடுற இழை உண்டு. பீடிப்புகை போனா வெள்ளையணுக்கள் சண்டைக்கு ஓடிவரும். வந்து ஒரு நொதியைக் கொட்டும். கிருமியை அறுக்க வேண்டிய நொதி, அந்த இழையவே அறுத்துடும். அப்புறம் பை சுருங்கிக் காத்தை வெளிய தள்ளாது.”

“நம்ம உடம்பே நம்மள அறுக்குமா?”

“அறுக்காம தடுக்க ரத்தத்துல ஒரு புரதம் இருக்கு. பீடிப்புகை அதோட கையையும் கட்டிப்போட்டுடுது.”

“அறுந்தது ஒட்டுமா, டாக்டரம்மா?”

“ஒட்டாது. ஆனா இன்னைக்கே பீடியை விட்டா, மிச்சம் இருக்கது இவ்வளவு வேகமாப் போவாது. மிச்சம் நெறயவே இருக்கு.”

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வீடு வந்தார்.

விடுவது லேசாக இல்லை. நாக்கு கேட்டது, கை கேட்டது, எரிச்சலில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். ஒருநாள் டீக்கடையில் ஒரு பீடியைப் பற்றவைத்தும்விட்டார். மறுபடி போனபோது அதை டாக்டரிடம் அவரே சொன்னார். டாக்டர் திட்டவில்லை, பீடி ஆசையை அடக்க, சூயிங்கம் மாதிரி மெல்லுகிற ஒரு மருந்தைச் சேர்த்து எழுதினார். காலையும் மாலையும் இன்ஹேலர், உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடும் பயிற்சி.

இந்த வருஷம் திரும்ப ஊதிப் பார்த்தபோது மூச்சின் அளவு குறையவில்லை. சந்தையில் அவருக்கு ஒரு மைக் வாங்கி வைத்திருக்கிறார்கள். முதலில் கூச்சப்பட்டவர், இப்போது அதை வேறு யார் தொட்டாலும் முறைக்கிறார்.

சாரல் விழுந்ததும் தங்கபுஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனார். பழைய குற்றால அருவிக்கு ஏறும் வழியில் நடுநடுவே நின்று மூச்சு வாங்கினார். ஓரமாக விழும் தண்ணீரில் தலையைக் கொடுத்தார்.

“போதும், வாங்க. குளிரப்போவுது” என்றாள் அவள்.

“ஏட்டி இரு, இன்னும் கொஞ்சம்” என்றார் அவர்.