காமர்ஸ் குரூப்பில் பதினைந்தாவது பெயர்

எங்கள் பள்ளியில் கணக்கு சாருக்கும் எனக்கும் ஆகாது. இதை நானும் மறைத்ததில்லை, அவரும் மறைத்ததில்லை. ஆவுடையார்கோவில் பக்கத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி அது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் அவர் கணக்கு எடுக்கிறார். நான் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் எடுக்கிறேன். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் எதிரெதிரே கிடக்கின்றன. என் பாடத்தை அவர் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "கடைக்கணக்கு" என்பார். பத்தாம் வகுப்பில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளைகள் சேர்க்கைக்கு வந்தால், மார்க் ஷீட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டு, "நீ அங்கிட்டுப் போ" என்று என் பக்கம் கையைக் காட்டுவார். அதே பிள்ளைகளை இரண்டு வருடம் உட்கார வைத்துத் தேற வைத்தால், "அதுல என்னங்க இருக்கு, கூட்டல் கழித்தல்தானே" என்பார்.

நானும் சும்மா இருந்தவள் இல்லை. ஒரு வருடம் அவருடைய வகுப்பில் ஐந்து பேர் ஃபெயிலானபோது, அந்தப் பெயர்களை ஆசிரியர் அறையில் எல்லோர் காதிலும் விழும்படி உரக்க வாசித்தேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு வணக்கம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு நான் செய்ததை, பயத்தில் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் பாதிதான். மீதி, அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த வெறுப்பு.

அந்த வருடம் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தபோது தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒங்க குரூப்புல பதினாலு பேர்தான் சேந்திருக்காங்க. பதினஞ்சு இல்லாட்டி குரூப்ப நடத்த முடியாதுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. அப்புறம் ஒங்கள உபரின்னு காட்டச் சொல்லுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

உபரி என்றால், தேவைக்கு மேல் இருக்கிற ஆசிரியர் என்று பெயர் எழுதி, எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே அனுப்பிவிடுவார்கள். அப்போது பொன்னமராவதிப் பக்கம்தான் காலியிடம் இருந்தது. எனக்கு வீடு அறந்தாங்கியில். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். இந்த மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வர வேண்டியிருக்கும். தலைமையாசிரியையின் அறையிலிருந்து வெளியே வந்தால், வராந்தாவில் கணக்கு சார் நிற்கிறார்.

"என்ன டீச்சர், பொன்னமராவதியில நல்லா காத்து வருமாம்" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அந்த வருடம் பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளியின் முதல் மதிப்பெண் ஒரு பெண்ணுடையது. அமைதியான பெண். சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள். அவள் இன்னும் எந்த குரூப்பிலும் சேரவில்லை. முதல் குரூப்பில்தான் சேர்வாள் என்று எல்லோருக்கும் தெரியும். கணக்கோடு உயிரியலும் மற்ற அறிவியல் பாடங்களும் உள்ள குரூப் அது. அவளைத் தன் வகுப்பில் உட்கார வைத்து நூற்றுக்கு நூறு வாங்க வைப்பேன் என்று கணக்கு சார் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார். எனக்கு இன்னும் ஒரு பெயர் வேண்டும். எந்தப் பெயராக இருந்தாலும் போதும். ஊரில் தேடியிருந்தால் சுமாராகப் படிக்கிற ஒரு பையனோ பெண்ணோ கிடைத்திருப்பார்கள். நான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குத்தான் போனேன்.

மாடிக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருந்த வீடு. அப்பா குவைத்தில் டிரைவர். அம்மா அதிகம் படிக்காதவர். டீச்சர் வீடு தேடி வந்துவிட்டார் என்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார், ஃபேனை என் பக்கம் திருப்பினார், காபி கொண்டுவந்தார். நான் காபியைக் குடித்துக்கொண்டே அவரைப் பயமுறுத்தினேன்.

"முதல் குரூப்புன்னா டியூஷன் இல்லாம முடியாதும்மா. அறந்தாங்கிக்குத்தான் அனுப்பணும். சாயங்காலம் போனா திரும்பி வர இருட்டிரும். கடைசி பஸ்ஸு வந்தா வரும், வராட்டி இல்ல. வீட்டுல ஆம்பள இல்லாத நேரத்துல வயசுப் புள்ளய எப்படிம்மா அனுப்புவீங்க?"

அம்மாவின் முகம் மாறியது. அதைப் பார்த்துக்கொண்டே மேலே பேசினேன். காமர்ஸ் என்றால் பள்ளிக்கூடத்திலேயே முடிந்துவிடும், நானே பார்த்துக்கொள்வேன், பேங்க் வேலை, ஆடிட்டர் ஆபீஸ் வேலை என்று அடுக்கினேன். எல்லாம் பொய் இல்லை. காமர்ஸ் படித்து நன்றாக இருக்கிற பிள்ளைகள் எனக்கு உண்டு. உண்மையான விஷயங்களை வைத்தே ஒருவரை ஏமாற்ற முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்திருக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"டீச்சர், நர்சிங் போகணும்னா எந்த குரூப் எடுக்கணும்?"

எனக்குப் பதில் தெரியும். பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். காமர்ஸ் படித்தால் விண்ணப்பமே போட முடியாது. அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னேன்.

"இப்பத்தானே பத்தாவது முடிச்சிருக்க? அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எந்த குரூப் படிச்சாலும் வழி இருக்கு."

மறுநாள் அம்மாவும் பெண்ணும் பள்ளிக்கு வந்தார்கள். சேர்க்கை மேசையில் தலைமையாசிரியை நடுவில், கணக்கு சார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அம்மா, "காமர்ஸ்ல போட்டுருங்க" என்றதும் கணக்கு சார் பேனாவைக் கீழே வைத்தார்.

"காமர்ஸா? யாரு சொன்னா ஒங்களுக்கு?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை அப்படியே சொன்னார். டியூஷன், கடைசி பஸ், வீட்டில் ஆம்பளை இல்லை. கணக்கு சார் அவரை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"நீ என்னம்மா ஆகணும்?"

"நர்சிங் சார்."

"அப்ப பயாலஜி எடுக்கணும். இந்த குரூப் எடுத்தா நர்சிங் காலேஜ் வாசல்லகூட நிக்க முடியாது, தெரியுமா ஒனக்கு? ஏங்க, ஹெச்.எம். மேடம், நீங்களாவது சொல்லுங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நேற்று ஒன்று சொன்னீர்களே என்கிற பார்வை. அப்போதே, "சார் சொல்றது சரிதான்" என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. எதிரில் இருந்தவர் வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவருடைய வாயிலிருந்து வந்த ஒன்றை, அவருக்கு முன்னால், சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சாருக்கு அவரு குரூப்புல சென்டம் வேணும், அதான் இந்தப் பேச்சு" என்றேன்.

"ஒங்களுக்கு என்ன வேணும்னு சொல்லட்டுமா டீச்சர்?" என்றார் அவர்.

"சார், டீச்சர், பேரன்ட்ஸ் முன்னாடி என்ன இது" என்று தலைமையாசிரியை அதட்டினார். பிறகு அம்மாவிடம், "நீங்க முடிவா சொல்லுங்கம்மா" என்றார். இரண்டு ஆசிரியர்கள் சண்டை போடுவதைப் பார்த்த அம்மா, "காமர்ஸே போட்டுருங்க" என்றார். வீடு தேடி வந்தவளைத்தான் அவர் நம்பினார். பதினைந்தாவது பெயர் எழுதப்பட்டது. கணக்கு சார் நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிக்கொண்டு எழுந்து போனார். எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் ஜெயித்த மாதிரிதான் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

பதினொன்றாம் வகுப்பு முழுக்க அவள் எந்தத் தொந்தரவும் தரவில்லை. பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு என்று எதைக் கொடுத்தாலும் தப்பில்லாமல் போட்டாள். நான் அவளைக் காட்டியே மற்றவர்களை விரட்டினேன். "அவளைப் பாரு" என்பேன். அவள் தலையை நிமிர்த்தவே மாட்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் நானே வகுப்பாசிரியை. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு மேற்படிப்புக்கான படிவம் வந்தது. அடுத்து என்ன படிக்கப் போகிறாய், எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பாய் என்று பிள்ளைகள் எழுதித் தர வேண்டும். பதினான்கு பேர் பி.காம்., பி.பி.ஏ., பாலிடெக்னிக் என்று ஏதோ ஒன்றை எழுதியிருந்தார்கள். அவள் மூன்று கட்டத்திலும் பி.எஸ்ஸி. நர்சிங் என்று எழுதியிருந்தாள். அழகான கையெழுத்து.

வகுப்பில் வைத்தே கூப்பிட்டேன். அது நான் செய்த இன்னொரு தப்பு.

"இது என்னம்மா? இத மாத்தி எழுது. பி.காம்.னு போடு."

"எதுக்கு டீச்சர்?"

"காமர்ஸ் படிச்சுட்டு நர்சிங்குக்கு அப்ளை பண்ண முடியாதும்மா."

அவள் படிவத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எந்த குரூப் படிச்சாலும் வழி இருக்குன்னு எங்க வீட்டுல வந்து சொன்னீங்களே டீச்சர். அந்த வழி என்னன்னு நீங்களே இதுல எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

முன் பெஞ்சில் இருந்த பிள்ளைகள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "திமிராப் பேசாத, ஒக்காரு" என்று கத்தினேன். வேறென்ன செய்ய முடியும் என்னால்? அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், "உள்ளேன்" என்று சொல்ல மாட்டாள். நோட்டை மேசையில் வைப்பாள், என் கையில் தர மாட்டாள். கேள்வி கேட்டால் பதிலைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போய் உட்காருவாள். பதிலில் ஒருநாளும் தப்பு இருந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. அவளுடைய அப்பா.

"டீச்சருங்களா? எம் பொண்டாட்டி படிக்காதவங்க. வீடு தேடி வந்து ஒரு டீச்சர் சொன்னா அது சரியாத்தான் இருக்கும்னு நம்புனாங்க. நீங்க படிச்சவங்கதானே? தெரியாம சொன்னீங்களா, தெரிஞ்சு சொன்னீங்களா? அத மட்டும் சொல்லுங்க, நான் வச்சுர்றேன்."

"சார், அந்த நேரத்துல..." என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. "அப்ப தெரிஞ்சுதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த அழைப்பை நான் ஆசிரியர் அறையில்தான் எடுத்திருந்தேன். எதிர் மேசையில் கணக்கு சார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "வேலைய காப்பாத்திக்கிட்டீங்க, விடுங்க" என்றார். நான் கையில் இருந்த டிஃபன் பாக்ஸை மேசைமேல் ஓங்கி வைத்தேன். மூடி தெறித்து அவர் விடைத்தாள் மேல் சாம்பார் கொட்டியது. அதற்குத் தலைமையாசிரியை எங்கள் இருவரிடமும் விளக்கம் எழுதி வாங்கினார்.

தேர்வு முடிவு வந்தது. அவள் கணக்குப்பதிவியலில் நூற்றுக்கு நூறு. என் பாடத்தில் அந்தப் பள்ளி பார்த்த முதல் சென்டம். தலைமையாசிரியை எனக்குச் சால்வை போட்டார். அவளையும் என்னையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். அவள், "வேணாம் மேடம், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். அவள் ஊர் நடக்கிற தூரம்தான். அது தலைமையாசிரியைக்கும் தெரியும்.

டி.சி. வாங்க வந்த நாளில் அவளை வராந்தாவில் நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு நான் தெரிஞ்சேதான் சொன்னேம்மா. எம்மேல தப்பு."

"தெரியும் டீச்சர். கணக்கு சார் சொன்னப்ப நீங்க பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க."

"இப்ப என்ன பண்ணப் போற?"

"அது ஒங்களுக்கு எதுக்கு டீச்சர்?"

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அவள் என்ன செய்தாள் என்பது சில மாதம் கழித்து அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் அவளுடைய அம்மாவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்ததும் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நின்றார். நானாகப் போய்ப் பேசினேன். பி.காம்.முக்கு இடம் கிடைத்தும் போக மாட்டேன் என்றுவிட்டாளாம். திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு வருட உதவியாளர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாளாம். அதற்கு எந்த குரூப்பானாலும் போதும்.

"நர்சு இல்ல. நர்சம்மாவுக்கு ட்ரே தூக்குறது, பெட்ஷீட் மாத்துறது" என்றார் அம்மா. "பள்ளிக்கூடத்துல முதல் மார்க் வாங்குன புள்ள." பஸ் வந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காமர்ஸ் குரூப் இருக்கிறது, நானும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன். அடுத்த சேர்க்கையில் ஒரு தகப்பனார் தன் மகளைக் காமர்ஸில் போடச் சொன்னபோது, இதைப் படித்தால் நர்சிங்குக்கோ ஃபார்மசிக்கோ போக முடியாது, யோசித்துச் சொல்லுங்கள் என்று நானே சொன்னேன். அவர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மேசையின் அந்தப் பக்கம் போனார்.

கணக்கு சார் அந்தத் தகப்பனாரின் கையிலிருந்து மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டே, "இப்ப நல்லா சொல்ல வருது டீச்சருக்கு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் அன்று சேர்க்கை மேசையில் சொன்னது சரி என்று இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. அவருக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது. மேசைகள் எதிரெதிரேதான் கிடக்கின்றன.